பாதி வீடு

1

இந்தக் கதை, கண்டியில் ஓர் அலுவலகக் கணினியில் நான் சம்பளத்துக்கு எழுதிய கேள்வியிலிருந்து பிறந்தது. வரைபடத்தில் மண்சரிவு அபாயப் பகுதி ஒரு படலம், தோட்ட வீடுகள் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எந்த வீடுகள் அபாயத்துக்குள் என்று தரவுத்தளத்தைக் கேட்க வேண்டும். அகப்படுகிறவர்களுக்கு வேறிடத்தில் புது வீடு.

(‘முழுவதும் உள்ளே இருப்பவை’ என்று கேட்டால் ஒரு பதில். ‘கொஞ்சமாவது உள்ளே இருப்பவை’ என்றால் வேறு பதில். கேட்டதற்கு மேல் தரவுத்தளம் ஒரு சொல் சொல்லாது, கல்லுளிமங்கன்.)

2

தொடக்கம்: “கடுகண்ணாவை மலையில் பனி மெல்ல இறங்கி...” வேண்டாம். ராக்கம்மாவுக்குப் பனி பார்க்க நேரமில்லை. கடுகண்ணாவைக்கு மேலே, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர், பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அவர் சமைக்கும் குசினி அபாயப் பகுதிக்குள், முன்னறை வெளியே. விதியோ ‘முழுவதும் உள்ளே’. பட்டியலில் அவர் பெயர் வரவில்லை.

“மண்ணு சரிஞ்சா குசினியோட நின்னுக்குமா மிஸ்? முன்னறைக்கு வழி தெரியாதா அதுக்கு?”

அந்த விதியின்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

3

மேலதிகாரி ஹுஸைன் நல்லவர். (கெட்டவராக எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. நல்லவர் கையால் நடப்பதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.)

“ரூல் அப்பிடித்தான் ஈக்கி தங்கச்சி. பாதி வீட்டுக்கு நான் எப்பிடி சைன் வெக்கிய?”

“பாதி வீட்டுல யாரும் குடியிருக்கிறதில்ல சேர்.”

கேள்வியை மாற்றினேன்: கொஞ்சமாவது உள்ளே. ராக்கம்மாவோடு அந்த லயமே திரையில் வந்தது. அச்சடித்து, கீழே என் பெயரை எழுதி, ஹுஸைன் மேசையில் வைத்தேன்.

4

முடிவுகள்.

ஒன்று: அடைமழை, மலை சரிகிறது, ராக்கம்மா... முடியாது. நீங்கள் கண்கலங்க வேண்டும் என்பதற்காக நான் அவரைக் கொல்ல மாட்டேன்.

இரண்டு: ஹுஸைன் மனம் மாறுகிறார். இன்னும் மாறவில்லையே. நான் மாற்றி எழுதினால் கதைக்குத்தான் வீடு கிடைக்கும், ராக்கம்மாவுக்கு இல்லை.

மூன்று: விதியை மீறியதற்காக நான் மன்னிப்புக் கேட்டு... அந்த வாக்கியம் எனக்கு வராது.

நடந்தது இவ்வளவுதான். ராக்கம்மா ஹுஸைனுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“சேர் சைன் வச்சதும் எந்திரிக்கிறேன்.”

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹுஸைன் பேனையைக் கையில் எடுத்திருக்கிறார், இன்னும் தாளில் வைக்கவில்லை. வெளியே மழை பிடித்துவிட்டது. இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. வாசித்தாயிற்று, எழுந்து போகலாம் என்று பார்க்கிறீர்களா? இங்கே இன்னொரு கதிரை காலியாக இருக்கிறது. உட்காருங்கள்.