மரக்கரண்டி விளாஸ்தாவின் கையில்

அந்த மரக்கரண்டிச் சட்டத்தைக் கொண்டுவந்தவளே விளாஸ்தாதான். செக் நாட்டின் பிர்னோ நகரத்துச் சின்ன அலுவலகம் அது. அவள் வாயைத் திறந்தால் போதும், ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒரு நாள் வீட்டில் குலாஷ் குழம்பு கிண்டுகிற கரண்டியைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். இது யார் கையில் இருக்கிறதோ, அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் மூச்சு விடக்கூடாது என்றாள்.

அன்று கரண்டி அவள் கையில்தான். குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகவேண்டிய சுவாசக் கருவிகளை ஏற்ற வண்டி கீழே வந்து நின்றுவிட்டது. அவற்றின் கெர்னலை, அதாவது எந்த வேலை எப்போது ஓடலாம் என்று தீர்மானிக்கிற அடிப்படை நிரலை, எழுதியவள் அவள். அதில் ஓரிடம் சரியில்லை என்று கூட வேலைசெய்கிற ராதிம் காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தான். காற்றழுத்தத்தைப் பதிவுசெய்யும் வேலை தொடங்கிவிட்டால், முடியும்வரை எதுவும் குறுக்கிட முடியாதபடி அவள் கதவைச் சாத்தியிருந்தாள். காற்றைத் திறந்துவிடும் வேலையே வந்து நின்றாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

சும்மா சாத்தவில்லை. முன்பு அந்த வேலை பாதியில் நிறுத்தப்பட்டுப் பதிவெல்லாம் குளறுபடியாகி, ஒரு குளிர்காலம் முழுக்க அவள் தூக்கத்தைத் தொலைத்திருந்தாள். கதவைச் சாத்தியதும் தொல்லை ஒழிந்தது. இப்போது வந்து அதைத் திற என்றால் பற்றிக்கொண்டு வராதா?

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அது முடிஞ்சுடும்," என்று ஆரம்பித்தாள்.

பழைய கருவியில் அது உண்மை. அதில் ஒரே செயலி, அதாவது நிரலை ஓட்டும் ஒரே சில்லு. புதியதிலோ நான்கு. நான்கும் ஒரே பதிவுக்கு முண்டியடித்தன. ஒன்று உள்ளே போனால் மற்ற மூன்றும் தத்தம் கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் நிற்கும். காற்றைத் திறந்துவிட ஒரு செயலிகூட மிஞ்சாது. இதைச் சொல்லத்தான் ராதிம் கையைத் தூக்கினான். அவள் கரண்டியை ஆட்டிக் காட்டினாள். மறுபடியும் தூக்கினான்.

"கரண்டி யார் கையில இருக்கு? கொஞ்சம் சும்மா இருப்பா."

மேலாளர் போஹுஷ் உட்பட எல்லோரும் அப்படியே அடங்கிப்போனார்கள். ஆஹா, இன்றைக்காவது நம் பேச்சு எடுபட்டதே என்று விளாஸ்தாவுக்கு உள்ளூரப் பூரிப்பு. இன்னும் விஸ்தாரமாக விளக்கினாள். பிறகுதான் கவனித்தாள், ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

திரும்பினாள். சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்த புதிய கருவியில் மாட்டியிருந்த ரப்பர் நுரையீரல் தட்டையாகக் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வெகுநேரம் கழித்துத்தான் அது புஸ்ஸென்று உப்பியது.

"எப்போலேர்ந்து இப்படி?"

"நீ பேச ஆரம்பிச்சதுலேர்ந்து விட்டுவிட்டு நிக்குது," என்றான் ராதிம்.

"சொல்லித் தொலைக்கறதுதானே?"

"கரண்டி உன் கையில இருந்துச்சே."

அந்த ரப்பர் பை இருந்த இடத்தில் ஒரு பச்சைக் குழந்தையின் நெஞ்சை நினைத்துப் பார்த்தாள். படியிறங்கிப் போய், வண்டிக்காரரிடம் வெறும் வண்டியாகத் திரும்பிப் போகச் சொன்னாள். அவர் முணுமுணுத்ததையெல்லாம் நின்று கேட்டுக்கொண்டாள்.

மேலே வந்து ராதிமின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கரண்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கதவைத் திறந்தா பழைய தொல்லை திரும்ப வந்துடுமோன்னு பயமா இருக்கு," என்றாள். "நீ சொல்லு."

அவன் கரண்டியைத் தொடாமலே பேச ஆரம்பித்தான்.