காகிதக் கோப்பையில் பிரேக் ஆயில்

திருமணத்துக்கு முந்தைய நாள் காலை பத்து மணிக்கு மணப்பெண் சுகந்தி மேட்டுப்பாளையத்தில் ஒரு கார் சர்வீஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரரிடம் ரவிக்கை வாங்கி வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அருவங்காட்டில் பந்தக்கால் நட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு பெண் மலையிறங்கக் கூடாது என்பது அவள் அம்மாவின் சட்டம். கையில் மருதாணி இன்னும் ஈர வாசனையோடு இருந்தது.

சுகந்தி சொந்தமாக டாக்சி ஓட்டுபவள். நாளை தாலி கட்டியதும் மாப்பிள்ளை ஜீவாவை அதே காரில் உட்கார வைத்து, பர்லியாறில் இருக்கும் அவன் வீட்டுக்குத் தானே ஓட்டிப் போவதாக முடிவு செய்திருந்தாள். பர்லியாறில் பழக்கடை வைத்திருக்கும் ஜீவா உடனே சம்மதித்தான். பாட்டு மட்டும் தான்தான் போடுவேன் என்றான். அவனுடைய மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஜீப்பைப் பேசி வைத்திருந்தார். இன்று கார் வீடு திரும்பாவிட்டால் நாளை அந்த ஜீப்தான்.

சர்வீஸ் ஆலோசகர் கணேசன் கையில் ஒரு பட்டியலோடு வந்தார். ஒன்பது வரி.

"பூராவும் முடிக்க ரெண்டு நாள் ஆகுங்க மேடம். நாளன்னைக்கு சாயங்காலம் எடுத்துக்கலாம்."

"நாளைக்கு எனக்குக் கல்யாணமுங்க."

"வாழ்த்துகள் மேடம். கல்யாணத்தன்னைக்கு உங்களுக்கு எதுக்குங்க வண்டி?"

"மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போகோணும்."

வாடிக்கையாளர் சொல்லக்கூடிய எல்லா மறுப்புக்கும் கணேசனுக்குப் பயிற்சி தந்திருந்தார்கள். இதற்குத் தரவில்லை.

"இதெல்லாம் செய்யலைன்னா வாரண்டிக்குப் பிரச்சினை வரலாமுங்க," என்றார்.

"வருமா, வரலாமா?" என்று கேட்டாள் மெட்டில்டா. சுகந்தியோடு கூட வந்திருந்த பள்ளித் தோழி. குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு வரும் சாம்பிள்களை ருசி பார்க்கும் அலுவலகத்தில் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு கோப்பையை உறிஞ்சித் துப்புகிறவளிடம் மழுப்பலாகப் பேசி நழுவ முடியாது.

"வாய்ப்பு... இருக்குங்க."

மெட்டில்டா காரின் டேஷ்போர்டைத் திறந்து கம்பெனி கொடுத்த கையேட்டை எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"ஒன்றரை வருசமா இதைப் பிரிக்கவே இல்லையா புள்ள?"

"நீ என் பத்திரிகையப் படிச்சியா? முகூர்த்தம் எத்தனை மணிக்கு, சொல்லு பார்க்கலாம்."

மெட்டில்டா அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினாள்.

கையேட்டில் இருந்த சர்வீஸ் அட்டவணையும் கணேசனின் பட்டியலும் அருகருகே வைக்கப்பட்டன. எஞ்சினில் கரி நீக்குவது அட்டவணையிலேயே இல்லை. இன்ஜெக்டர் கழுவுவதும் இல்லை. அடிப்பாகப் பூச்சு, மேல்பூச்சு, பாலிஷ், சீட் ஷாம்பூ எதுவும் இல்லை. வீல் அலைன்மென்ட், வண்டி ஒரு பக்கம் இழுத்தால் மட்டும்.

"ஏசிக் கிருமி நீக்கம்," என்று படித்தாள் மெட்டில்டா.

"ஏனுங்க, அருவங்காட்டுல ஏசியப் போட்டா கிருமியே குளிர்ல செத்துரும்," என்றாள் சுகந்தி. பக்கத்து நாற்காலியில் இருந்த கோத்தகிரிக்காரர் காப்பியைச் சிந்தினார்.

கடைசியாக நின்றது கூலன்ட், எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம். "அதுக்கு இன்னும் நாள் இருக்குதுன்னு போட்டிருக்குது," என்றாள் மெட்டில்டா.

"கலர் போயிருச்சுங்க மேடம்," என்றார் கணேசன்.

சொல்லியிருக்கக் கூடாது. மெட்டில்டா எழுந்தே விட்டாள்.

"கலரா? கொண்டு வாங்க பார்க்கலாம். தனியாக் கொண்டு வராதீங்க. பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல வெக்கோணும்."

காப்பி இயந்திரத்தின் அருகே வெள்ளைக் காகிதக் கோப்பைகள் அடுக்கி இருந்தன. மெட்டில்டா நான்கை எடுத்தாள். அறையை ஒரு சுற்றுச் சுற்றி, வடக்குப் பார்த்த ஜன்னலைக் கண்டுபிடித்து, அதன் திண்டில் வரிசையாக வைத்தாள். அவள் அலுவலகத்திலும் தேயிலையை வடக்கு வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள். மெக்கானிக் செல்லக்கண்ணு, இருபது வருட சர்வீசில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்ற மகிழ்ச்சியோடு, இரண்டு கோப்பையில் கூலன்டை ஊற்றினார். இரண்டும் ஒரே பச்சை.

"எனக்கு வித்தியாசம் தெரியல. உங்களுக்குத் தெரியுதுங்களா?"

கணேசன் குனிந்து பார்த்தார். நேர்மையான மனிதர். "இல்லீங்க," என்றார்.

ஒன்பது வரியும் போயிற்று. சுகந்தி சாவியைக் கேட்டுக் கையை நீட்டினாள். மெட்டில்டா நகரவில்லை. அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள்: மலைப்பாதையில் ஓடும் வண்டிகளுக்கு பிரேக் ஆயிலை முன்கூட்டியே சோதித்து மாற்ற வேண்டும்.

"இது உங்க லிஸ்ட்ல இல்லியே?"

"அது கோயமுத்தூர்ல இருந்து வர்ற லிஸ்ட்டுங்க," என்றார் கணேசன். "எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அதெல்லாம் வேண்டாம்," என்றாள் சுகந்தி. கொஞ்சம் வேகமாகவே சொன்னாள். "நான் பிரேக்கே மிதிக்கறதில்ல. ரெண்டாங் கியர்லயே இறங்கிருவேன்."

அதற்குள் செல்லக்கண்ணு ஊசிக்குழாயில் எடுத்து வந்துவிட்டார். மூன்றாவது கோப்பையில் புது பிரேக் ஆயில், இளந்தேன் நிறம். நான்காவதில் சுகந்தியின் காருடையது, கொதித்துக் கொதித்துக் கறுத்த டிகாக்‌ஷன். மெட்டில்டா கோப்பையைத் தூக்கினாள், வெளிச்சத்தில் சாய்த்தாள், முகர்ந்தாள். பிறகு, பத்து வருடப் பழக்கம், உதட்டருகே கொண்டு போனாள்.

சுகந்தியின் மருதாணிக் கை கோப்பையைத் தட்டிவிட்டது. கணேசனின் டை நனைந்தது.

"அது விஷமுங்க அம்மிணி," என்றார் செல்லக்கண்ணு நிதானமாக.

மெட்டில்டாதான் முதலில் சிரித்தாள். சிரித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணேசன் டையைக் கழற்றினார். கழற்றியதும் வயதில் பாதி குறைந்தது. கோத்தகிரிக்காரர் தன்னுடைய பட்டியலோடு ஜன்னலுக்கு வந்தார். "நம்ம வண்டியோடதையும் ஒரு பார்வை பாத்திருங்க. குடிக்க வேண்டாம்." அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

"கலர மட்டும் நம்பக்கூடாதுங்க," என்று சொல்லிவிட்டுப் போன செல்லக்கண்ணு, பேனா போன்ற கருவியைக் காரின் பிரேக் ஆயிலில் நனைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. "தண்ணி சேர்ந்திருக்குது. இறக்கத்துல சூடேறினா பெடல் உள்ள போயிரும், பிரேக் புடிக்காது."

சுகந்தி சிரிப்பதை நிறுத்தினாள்.

"போன வாரம் காட்டேரிக்குக் கீழ பெடல் மெத்துனு இருந்துச்சு," என்றாள்.

"எப்ப சொல்லலாம்னு இருந்தே? தாலி கட்டினதுக்கு அப்புறமா?"

"சொன்னா ஜீப்புல ஏறச் சொல்லுவாங்க புள்ள."

மெட்டில்டா அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள். "இதை மாத்துங்க. இது ஒண்ணுதான் வேணும்."

"கம்ப்யூட்டர் எடுக்காதுங்களே," என்றார் கணேசன். "ரெண்டு வருசம் ஆனாத்தான் அந்த வேலைக்குள்ள விடும்."

"கம்ப்யூட்டரா மலையிறங்கப் போகுது?" என்றார் செல்லக்கண்ணு.

கணேசன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தைத் திறந்து, பெடல் மெத்தென்று இருக்கிறது என்று தட்டினார். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஒன்பது வரிகளையும் அவரே ஒவ்வொன்றாக அழித்தார். ஆறாவது வரிக்கு மேல் விசிலடித்துக்கொண்டு அழித்தார். பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பார்த்து, நன்றாக இருப்பதாகச் சொல்லித் திரும்ப மாட்டி, புது பிரேக் ஆயிலை நிரப்பினார்கள். பன்னிரண்டரைக்குக் கார் வெளியே வந்தது. வாசலில் சுகந்தி பெடலை மிதித்துப் பார்த்தாள். பாறை மாதிரி நின்றது.

மறுநாள் பதினொரு மணிக்கு, கழுத்தில் மாலையோடு, பட்டுப் புடவையை முழங்கால் பக்கம் கொஞ்சம் சுருட்டிக்கொண்டு சுகந்தி மலையிறங்கினாள். ஜீவா பாட்டுப் போட்டான். கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் நிறுத்தினான். மாமாவின் ஜீப் சீர்வரிசைப் பாத்திரங்களோடு பின்னால் கடகடத்து வந்தது. ஒரு வளைவில் குரங்கு ஒன்று குட்டியோடு சாலை நடுவே உட்கார்ந்திருந்தது. சுகந்தி மிதித்தாள். கார் நின்றது. பூமாலை மட்டும் முன்னால் போய்த் திரும்பி வந்தது. ஜீவா கண்ணைத் திறந்து, "நின்னுருச்சா?" என்று கேட்டான்.

"நின்னுருச்சு."

பர்லியாறில் பழக்கடைக்கு முன்னால் கூட்டம் காத்திருந்தது. மாமியார் ஆரத்தித் தட்டோடு ஓடி வந்து, வழக்கம்போல இடது பக்கக் கதவருகே நின்று, மருமகளுக்காக மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் குனிந்தார். உள்ளே அவருடைய மகன் உட்கார்ந்திருந்தான்.

சுகந்தி வலது பக்கக் கண்ணாடியை இறக்கினாள்.

"இந்தப் பக்கமுங்க அத்தை."

ஆரத்தி பானட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று.