எந்தத் தெரு?

எனக்கு வாய் ஜாஸ்தின்னு எங்கம்மா சவரிமேரி ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கு. அந்த வாயாலதான் அன்னிக்குச் சிதம்பரத்துல காலேஜ் பேச்சுப் போட்டியில முதல் பரிசு வாங்குனேன். அமெரிக்காவுல கறுப்பு ஜனங்கள போலீஸ் நடத்துற விதம்தான் தலைப்பு. அதை மாத்தச் சட்டம் போதுமா, தெருவுல எறங்கிப் போராடணுமா? போராடணும்னு பேசத்தான் எனக்கு ஆசை. சீட்டு எடுத்தா 'சட்டமே போதும்'னு வந்து தொலைச்சுது. வந்தா என்ன? கைது விதி அத்தனையும் மனப்பாடம் பண்ணி, எதிரணியில பேசுன என் கிளாஸ்மேட் திருநாவுக்கரசைப் பிச்சு உதறிட்டேன். பாவம், மூஞ்சியே தொங்கிப்போச்சு.

ஷீல்டோட மேடைய விட்டு எறங்குறேன், அம்மா போன்ல அழுவுது. "ஜெனிட்டா, அண்ணனப் பஸ்ஸுலேர்ந்து எறக்கி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிட்டாங்கடி!"

அண்ணன் அருள் பிரகாஷுக்கு ரெண்டு வருஷ அலைச்சலுக்கப்புறம் கடலூர்கிட்ட குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில வேலை கெடச்சிருந்துச்சு. அன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள போய்ச் சேரணும், இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும். காட்டுமன்னார்கோயில்லேர்ந்து பஸ்ஸுல வந்தவனை, சிதம்பரத்துல போலீஸ் நிறுத்தி, பைக் திருட்டு விசாரணைன்னு சொல்லி, எந்தத் தெருன்னு கேட்டிருக்காங்க. சூசையப்பர் தெருன்னிருக்கான். எங்க காலனித் தெரு. அவ்வளவுதான், எறக்கிட்டாங்க.

திருநாவுக்கரசு, "ஏறு போலாம்"னு வண்டிய எடுத்தான்.

ஸ்டேஷன்ல அண்ணன் செவுத்தோரமாத் தரையில உக்காந்திருந்தான். அயர்ன் பண்ண சட்டை, மடியில சர்டிபிகேட் பைலு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேந்து வந்துச்சு.

எஸ்.ஐ. என்னைப் பாக்கவேயில்ல. திருநாவுக்கரசைப் பாத்து, "தம்பி எந்தத் தெரு?"ன்னாரு.

"மேலத்தெரு சார்."

"யாருப்பா அங்க, தம்பிக்கு ஒரு சேர் போடு."

சேர் வந்துச்சு. அவன் உக்காரல.

நான் ஷீல்டை டேபிள் மேல வச்சேன். "சார், இப்பதான் போலீஸைத் திருத்தச் சட்டமே போதும்னு உங்களுக்காகப் பேசி இதை வாங்கிட்டு வர்றேன். எங்கண்ணன் கைதா?"

"சும்மா விசாரணைம்மா."

"கைதுன்னா காரணம் எழுதி, சாட்சி கையெழுத்து வாங்கிக் குடுங்க. கைது இல்லன்னா அவன் எழுந்து போலாம். ரெண்டுல எது?"

"சட்டம் பேசுறியா?"

"ஆமா சார். அதுக்குத்தான் ஷீல்டு குடுத்தாங்க. அண்ணா, எழுந்திரு!"

அண்ணன் எஸ்.ஐ. மூஞ்சியப் பாத்தான். எழுந்திருக்கல. நான் மனப்பாடம் பண்ண விதி எதுலயும் இந்தப் பயத்துக்கு ஒரு வரி இல்ல.

அப்ப திருநாவுக்கரசு போய் அவன் பக்கத்துல தரையில உக்காந்தான். "இவரு எழுந்திருக்கற வரைக்கும் நானும் இங்கதான் சார். காலையில போட்டிக்கு வந்த முப்பது பேருக்கும் சொல்லிட்டேன், வந்துகிட்டிருக்காங்க."

எஸ்.ஐ. காலிச் சேரைப் பாத்தாரு, தரையப் பாத்தாரு. அண்ணன் பைலை நெஞ்சோட புடிச்சுக்கிட்டு எழுந்து நின்னான். வாசல் வரைக்கும் நடந்தான். யாரும் தடுக்கல.

"கூப்பிட்டா வரணும்"னாரு எஸ்.ஐ.

"எழுத்துல கூப்பிடுங்க, வக்கீலோட வர்றோம்"னேன்.

"ஏம்மா, ஷீல்டை வுட்டுட்டுப் போற!"

"இருக்கட்டும் சார். சட்டமே போதும்னு பேசி வாங்குனது. அது உண்மையாகற அன்னிக்கு வந்து எடுத்துக்கறேன்."

திருநாவுக்கரசு வண்டியிலேயே அண்ணனை அனுப்பிட்டு, நான் பின்னாலயே கடலூர் பஸ் புடிச்சேன். நான் போய்ச் சேர்றப்ப மணி ஒன்னே முக்கால். கம்பெனி கேட்ல ஆளுங்க வரிசை, அண்ணன்தான் கடைசி. செக்யூரிட்டி நோட்டை எடுத்து, "ஊரு, தெரு சொல்லுப்பா"ன்னாரு.

அண்ணன் திரும்பி என்னை ஒரு தடவை பாத்தான். அப்புறம், நான் நிக்கிற ரோட்டுக்கே கேக்கற மாதிரி சொன்னான்: "சூசையப்பர் தெரு சார்!"