நாற்பத்தாறில் முடிகிற எண்

வலது கை தோளுக்கு மேலே ஏற மறுத்தது. கூந்தலை இடது கையாலேயே சுருட்டி முடிந்துகொண்டு, நகராட்சிக் கூட்ட அறையில் சுவரோரமாக உட்கார்ந்தாள் வால்வக்கா. விடியுமுன் எழுந்து பத்தொன்பது வால்வுகளைத் திறந்து, தண்ணீர் போய் முடிந்ததும் அதே பத்தொன்பதையும் அடைத்துவிட்டு வந்திருந்தாள். இரும்புச் சாவி அவள் மார்பு உயரம் இருக்கும். குழிக்குள் துருவேறிக் கிடக்கும் தண்டில் அதை மாட்டித் திருப்பினால் இரும்பு உடனே அசையாது, முதலில் தோள்தான் அசையும். பதினாறு வருஷமாக அப்படித்தான். இப்போது தோளுக்குள் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். "இன்னும் ஒரு வருஷம் இதையே செஞ்சீங்கன்னா, தண்ணிச் செம்பு தூக்கக்கூட இந்தக் கை ஆகாது" என்று டாக்டர் எக்ஸ்ரே படம் பார்த்துச் சொல்லியிருந்தார்.

பம்ப் ஹவுஸில் ஒரு இடம் காலியாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்து பொத்தானை அமுக்குகிற வேலை. விண்ணப்பிக்க இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. இந்த மாதத்திலிருந்து காகிதத்தை வாங்க மாட்டார்கள், ஊழியர் தன் சொந்த லாகின் வழியாகத்தான் போட வேண்டும். அந்த லாகினைத் திறந்து கொடுப்பதற்காக ஒவ்வொரு நகராட்சியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், மடிக்கணினியோடு அறையின் முன்னால் நின்றாள். அரை மணி நேரத்துக்குள் அவளுக்குப் 'பாஸ்வேர்டு பாப்பா' என்று பெயர் விழுந்துவிட்டது.

"இதுவரைக்கும் உங்க வருகை, லீவு எல்லாத்தையும் ஆபீஸ்ல ஒரே லாகின்ல போட்டுட்டிருந்தாங்க. இனிமே அவங்கவங்களுக்குத் தனித்தனிக் கதவு. பாஸ்வேர்டுதான் சாவி. அதை யாருக்கும் சொல்லக் கூடாது."

"பொண்டாட்டிக்கு?" என்றார் ஃபிட்டர் மாமா.

"அவங்களுக்கும்தான்."

"கேட்டா என்ன சொல்றது?"

"மறந்துட்டேன்னு சொல்லுங்க."

"கல்யாண நாளை மறந்துட்டேன்னு சொல்லியே வாங்கிக் கட்டிக்கிட்டவன்மா நான்."

அறை சிரித்தது. மேஸ்திரி ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தேடியதை உரக்கச் சொல்லிச் சொல்லி அடித்தார். அவர் முடிப்பதற்குள் கடைசி வரிசைக்கே அவருடைய பாஸ்வேர்டு மனப்பாடமாகிவிட்டது. பாப்பா அதை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொன்னாள். இந்த முறை அவர் முணுமுணுத்தார். வரிசையே காதை நீட்டியது.

வால்வக்காவின் முறை வந்தது. "உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணை வைங்கக்கா" என்றாள் பாப்பா.

இரண்டு அறை வீட்டில் நாலு பேராக இருக்கிறவளுக்கு, தனக்கு மட்டும் தெரிந்தது என்று என்ன இருக்கும்? பிள்ளைகள் பெயர் ஊருக்கே தெரியும். வயசு ரேஷன் அட்டையில் இருக்கிறது. யோசித்தபடி மேசைமேல் வலது கையை வைத்தாள். கைக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. சந்தை முனை வால்வு எத்தனை சுற்றில் அடைபடும், பள்ளிக்கூடத்து வால்வு எத்தனை சுற்று, ஆஸ்பத்திரி வால்வை எத்தனையாவது சுற்றில் நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அந்த எண்களைக் கோத்து, நடுவில் ஒரு குறியும் போட்டு, இடது கையால் மறைத்துக்கொண்டு அடித்தாள். திரையில் பச்சைக் கோடு முழு நீளத்துக்கு ஓடியது.

"யம்மாடி! இன்னிக்கு வந்ததுலயே இதுதான் பலமான பாஸ்வேர்டு."

"ஒரு தோளை முழுங்குன பாஸ்வேர்டும்மா. பலமாத்தான் இருக்கும்."

அடுத்த திரை வந்தது. 'உங்கள் குறியீடு 46 என முடியும் எண்ணுக்கு அனுப்பப்பட்டது.'

அவள் போன் எண் 13-இல் முடியும். மடியிலிருந்த போன் சும்மா கிடந்தது. பக்கத்து மேசையில் மேஸ்திரிக்கும் 46. ஃபிட்டர் மாமாவுக்கும் 46. பாப்பா பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை உருட்டினாள். தண்ணீர்ப் பிரிவில் முப்பத்தொரு பேர். முப்பத்தொரு பேருக்கும் ஒரே எண்.

"யாரோடது இது?"

"ரிஜிஸ்டர் சாரோடது" என்றார் மேஸ்திரி. எப்போதும் அக்குளில் பதிவேட்டோடு திரிந்ததால் பழைய எழுத்தருக்கு அந்தப் பெயர். "பத்து வருஷத்துக்கு முந்தி எங்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. நம்பர் போடலேன்னா அது அடுத்த பக்கம் போக மாட்டேங்குதுன்னாரு. அப்ப எங்களுக்கு ஏதும்மா போனு? தன்னோடதையே எல்லாருக்கும் போட்டுட்டாரு. ரிட்டயர் ஆகி ஏழு மாசம் ஆச்சு."

பாப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

எண்ணை மாற்றக் கடிதம் கொடுக்கலாம், தலைமை அலுவலகத்தில் நாலு வேலை நாள் ஆகும். மற்ற முப்பது பேருக்கும் நாலு நாள் ஒரு விஷயமே இல்லை. வால்வக்காவுக்கு மிச்சமிருந்தது ஐந்து மணி நேரம்.

"இன்னொரு வழி இருக்குக்கா. பழைய நம்பர்க்காரர் என் கண் முன்னால சம்மதிச்சார்னா, உடனே மாத்த எனக்கு அனுமதி உண்டு. அவர் வீடு தெரியுமா?"

எல்லார் கண்ணும் வால்வக்கா பக்கம் திரும்பி, உடனே வேறு பக்கம் போயிற்று.

வீடு தெரியும். போகத்தான் முகமில்லை. ஏழு மாதத்துக்கு முன், அவர் ஓய்வு பெறுவதற்கு முதல் நாள், வருஷாந்தர வருகைச் சீட்டு கைக்கு வந்தது. அதில் கோடையில் பதினொரு நாள் அவள் வேலைக்கு வரவில்லை என்று இருந்தது. அந்தப் பதினொரு நாளும் ஊரே தண்ணீருக்கு அலைந்த நாட்கள். சாவியைக் கீழே வைக்க நேரமில்லாமல் அவள் திருப்பிக்கொண்டிருந்தாள். சீட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். அத்தனை பேர் நடுவில், "என் பதினொரு நாளைத் தின்ன திருடன் நீதான்" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினாள். வருகை போடுவது அவர் லாகினில்தான். வேறு யாரைக் கேட்பது? "நான் போடலம்மா" என்று ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். மறுநாள் அவருடைய பிரிவு விழாவுக்குத் தண்ணீர்ப் பிரிவிலிருந்து ஒரு ஆள்கூடப் போகவில்லை.

"போகலாம்" என்றாள் வால்வக்கா. தோள் அவளைச் சொல்ல வைத்தது.

பாப்பா அடுத்த பிரிவை முடித்துவிட்டு வர மூன்றரை ஆனது. தண்ணி லாரியில் முன்பக்கம் நெருக்கி உட்கார்ந்து போனார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவு சங்கிலியின் நீளத்துக்கு மட்டும் திறந்தது.

"யாரு?"

"நகராட்சி லாகின் விஷயமா வந்திருக்கோம் சார். உங்க போனுக்கு ஒரு கோடு..."

"கோடா? வீட்டுக்கே வந்துட்டீங்களா? வெளியே போம்மா, போலீசைக் கூப்பிடுவேன்!"

காலையில் அடுத்தடுத்துக் குறியீடுகள் அவர் போனில் கொட்டியிருந்தன. வங்கிக் கணக்கைச் சுரண்ட ஏதோ கும்பல் கிளம்பிவிட்டது என்று போனை அணைத்து, துணிகளுக்கடியில் திணித்துவிட்டார். பாப்பா அடையாள அட்டையைச் சங்கிலி இடுக்கு வழியாக நீட்டினாள். அவர் அதை முன்னும் பின்னும் இரண்டு தடவை படித்தார். அப்புறம்தான் படிக்கட்டில் ஒதுங்கி நின்றவளைக் கவனித்தார்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"தோளு எப்படி இருக்கு?" என்றார்.

"போயிடுச்சு சார்."

சங்கிலி விழுந்தது.

சாப்பாட்டு மேசைமேல் மடிக்கணினி விரிந்தது. விஷயத்தைக் கேட்டதும் ரிஜிஸ்டர் சார் தலையில் அடித்துக்கொண்டார். "அட, அந்தப் பழைய நம்பரா! நாலு நாள்ல மாத்திக்கலாம்னு போட்டேன். நாலு நாளு பத்து வருஷம் ஆயிடுச்சு." துணிகளைக் கலைத்துப் போனை எடுத்து உயிர் கொடுத்தார். அது வந்ததும் வராததுமாக அதிர்ந்து அதிர்ந்து மேசையில் நகர்ந்தது. சம்மதப் படிவத்தில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்பத்தாறு போய்ப் பதின்மூன்று வந்தது. அடுத்த குறியீடு வால்வக்காவின் மடியில் ஒலித்தது. அவள் பாஸ்வேர்டை அடிக்கும்போது ரிஜிஸ்டர் சார் யாரும் சொல்லாமலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினாறு வருஷத்தில் முதல் முறையாக அவள் தன் பதிவேட்டைப் பார்த்தாள். அவள் பெயர், சேர்ந்த தேதி, போட்டோ. பம்ப் ஹவுஸ் விண்ணப்பத்தைத் தொட்டாள். சிவப்பில் ஒரு வரி எழுந்தது: கடந்த மூன்று வருஷத்தில் காரணமில்லாமல் வராத நாட்கள் பதினொன்று, அனுமதிக்கப்பட்டது பத்து.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். ஒரே ஒரு நாள் கூடியதில் விண்ணப்பமே அடிபட்டுப் போனது.

"இருங்கக்கா" என்றாள் பாப்பா. அந்தப் பதினொன்றின் மேல் விரலை வைத்தாள். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி விரிந்தது. "எப்போ, எங்கிருந்து பதிஞ்சாங்கன்னு இதுல இருக்கும். எப்பவுமே இருந்ததுதான். நீங்க பார்க்கத்தான் கதவு இல்ல." வாசித்தாள். பதினொரு நாளும் ஒரே மூச்சில் பதியப்பட்டிருந்தன. ரிஜிஸ்டர் சார் லாகின். மேலாளர் அறைக் கணினி. போன வருஷம் ஆறாம் மாதம் இருபத்துமூன்று, காலை பதினொன்று இருபது.

சுவர்ப் பக்கமிருந்தவர் திரும்பினார். "இருபத்துமூணா?"

வால்வக்காவுக்கும் அந்தத் தேதி உறைத்துவிட்டது. அது அவர் மகள் கல்யாண நாள். பதினொரு மணிக்கு மண்டபத்துக் குழாயில் தண்ணீர் நின்று காற்று வந்தது. அவள்தான் பின்கட்டில் தொட்டிக்குள் இறங்கி அடைப்பை எடுத்தாள். மதியம் வரைக்கும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலேயிருந்து வாளியை வாங்கியது, பெண்ணைப் பெற்றவராகிய இதே மனுஷன்.

"அப்ப யாரு சார் போட்டது?"

"யார் வேணா போட்டிருக்கலாம். என் பாஸ்வேர்டைச் சீட்டுல எழுதி மானிட்டர்லயே ஒட்டி வெச்சிருந்தேன். மறந்து போயிடும்னு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் திருடலம்மா. ஆனா கதவைத் திறந்து போட்டுட்டுப் போனது நான்தான்."

பாப்பா வேகமாக வேலை செய்தாள். அந்தப் பதிவின் மேல் ஆட்சேபம். காரணம், சாட்சி. ரிஜிஸ்டர் சார் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்து வந்தார். அதைப் படம் பிடித்துச் சேர்த்தாள். அந்தக் கோடையின் வால்வுத் திறப்புப் புத்தகத்தில் தினமும் தன் கையெழுத்து இருக்கிறது என்று வால்வக்கா சொன்னாள், அதையும் எழுதினாள். நாலு ஐம்பத்திரண்டுக்குச் சிவப்பு வரி மஞ்சளாக மாறியது: 'ஆட்சேபம் பரிசீலனையில். விண்ணப்பம் ஏற்கப்பட்டது.' வால்வக்காவின் போன் மறுபடி ஒலித்தது. விண்ணப்ப எண், நேர்காணல் தேதி.

"கிடைச்சுடுமா பாப்பா?"

"ஒரு இடத்துக்கு ஏழு பேர் போட்டிருக்காங்கக்கா. மீட்டர் வாசிக்கத் தெரிஞ்சவங்க அதுல எத்தனை பேர்னு தெரியல."

"கண்ணை மூடிட்டுக் குழாயத் தொட்டா எத்தனை பவுண்டு அழுத்தத்துல ஓடுதுன்னு சொல்லுவா" என்றார் ரிஜிஸ்டர் சார். "இவளுக்குத் தரலேன்னா வேற எவனுக்குத் தருவாங்க?"

பாப்பா லாரிக்காரனைக் கூப்பிடப் படியிறங்கினாள். வால்வக்கா வாசலில் நின்றாள்.

"சார். அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்கங்க."

அவர் சங்கிலியைக் கையில் பிடித்தபடி யோசித்தார். கோபமாகத் தெரியவில்லை.

"நீ அன்னைக்கு முற்றத்துல நின்னுல்ல சொன்னே? இங்க வாசல்ல யாரு இருக்கா, நீயும் நானும். இது எப்படிம்மா சரியாகும்? நாலு வீடு தள்ளியிருக்கிற ஃபிட்டரு என்னைப் பார்த்தா இன்னிக்கும் எதிர்ப் பக்கமாப் போறான்."

"திங்கக்கிழமை எட்டரைக்கு எல்லாரும் முற்றத்துக்கு வந்துடுவாங்க. வர்றீங்களா சார்?"

"கூப்பிட்டா வரேன்."

"கூப்பிட்டாச்சு."

"போ, லாரி நிக்குது. அந்தக் கையால கைப்பிடியப் பிடிக்காதே."

இடது கையால் பிடித்துக்கொண்டு இறங்கினாள். லாரியில் ஏறும்போது தோள் வலித்தது, என்றாலும் நாற்காலி ஒன்று மனதில் வந்து உட்கார்ந்திருந்தது. மேலாளர் அறையில் யார் உட்கார்ந்து அதைப் பதிந்தார் என்பதை ஆட்சேபம் கண்டுபிடிக்கட்டும். அவள் பங்குக்கு ஒன்று இருந்தது. முப்பது பேர் நடுவில் ஒரு மனுஷனைத் திருடன் என்று சொன்னாள். அதே முப்பது பேர் நடுவில் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது இன்னும் பாக்கி.