மீதியிருந்த பெயர்

1

கூடத்தில் இருந்தவர்கள்:

இஷ்பெல் மக்கூயிஷ், வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர்.
லாக்லன் மக்கூயிஷ், அவளுக்கு உதவியாளர். அவள் கணவனின் அண்ணன்.
கான்ஸ்டபிள் ப்ரோடி, பெரிய தீவிலிருந்து படகில் வந்த போலீஸ்காரர். பெரும்பாலும் வாசலுக்கு வெளியே.
திரைக்குப் பின்னால் ஒருவர்.

நான்காவது ஆளை இதில் சேர்க்கலாமா என்பதில்தான் எனக்குச் சிக்கல். இப்போதைக்கு இருக்கட்டும். அடித்துவிட எந்த நேரமும் எனக்கு உரிமை உண்டு.

இது நானாக யோசித்த கதை இல்லை. சால்மன் மீனைப் பெட்டி கட்டும் கொட்டகையில், ராத்திரி வேலையில், எனக்குப் பக்கத்து மேசையில் நிற்கிற லாக்லன் சொன்னது. மீன்மேல் ஐஸை அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னான். மூன்று முறை சொன்னான். மூன்று முறையும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாற்றிச் சொன்னான். பொய் சொல்பவன் எல்லா இடத்திலும் மாற்றுவான். ஓர் இடத்தில் மட்டும் மாற்றுபவனை என்ன செய்வது என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

"ஹல்லசே தீவை ஒரு வெண்பட்டுப் போர்வையைப் போல மூடியிருந்த பனிமூட்டம்—"

வேண்டாம். அங்கே பனிமூட்டம் பட்டும் இல்லை, போர்வையும் இல்லை. ஈரத் துணியை முகத்தில் வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும்.

"இங்கிலாந்தோடு இருந்த முந்நூறு ஆண்டுப் பிணைப்பை முறித்துக்கொள்வதா என்று ஸ்காட்லாந்து தன்னையே கேட்டுக்கொண்ட அந்தச் செப்டம்பரில்—"

இது நான் இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்ட படிப்பின் மொழி. அங்கே அதிகாரப் பகிர்வு என்று ஒரு பாடம் இருந்தது. லண்டன் கொஞ்சம் அதிகாரத்தை எடின்பரோவுக்கும் கார்டிஃபுக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் பிரித்துக் கொடுத்தது. ஆனால் கயிற்றின் மறுமுனையை விடவில்லை. மாணவர்கள் இதைக் குறித்துக்கொண்டார்கள். நான் தூங்கிவிட்டேன்.

(லாக்லன் இதையே வேறு மாதிரி சொல்வான்: "லண்டன்கிட்டேருந்து எடின்பரோ பிரியட்டும். அப்புறம் எடின்பரோகிட்டேருந்து நம்ம தீவு பிரியலாம். அதுக்கப்புறம் எங்க சித்தப்பா வீட்டுக்கிட்டேருந்து நாங்க பிரிஞ்சுக்குறோம். அது ஏற்கனவே ஆயிடுச்சுன்னு வெச்சுக்கோ.")

"இஷ்பெல் போய்விட முடிவு செய்திருந்தாள்."

இது நிற்கும். இங்கிருந்து போகலாம்.

3

இஷ்பெல் போய்விட முடிவு செய்திருந்தாள். வாக்கெடுப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கணவன் டோர்க்கிலுக்கு நினைவு வழிபாடு. அதற்கடுத்த படகில் இன்வர்னெஸ் நகரத்துக்கு, தங்கையிடம்.

டோர்க்கில் பிப்ரவரிப் புயலில் கடலில் இறக்கியிருந்த இறால் பிடிக்கும் கூடுகளை எடுக்கப் போனவன். படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. தனி நாடு வேண்டும் என்று படகின் பக்கவாட்டில் அவன் ஒட்டியிருந்த "ஆம்" என்ற நீல அட்டைகூட உரியாமல் கிடைத்தது. உடல் கரைக்கு வராமல் வழிபாடு நடத்துவது முறையில்லை என்று தீவு சொன்னது. யாரும் அவளை அதட்டவில்லை. ரொட்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொஞ்சம் பொறு என்றார்கள். அடுப்புக்குக் கரி கொண்டுவந்து கொட்டிவிட்டு, கொஞ்சம் பொறு என்றார்கள். வசந்தம் போனது, கோடை போனது. காணாமல் போனவன் செத்துவிட்டதாக எழுத்தில் தர, சட்டமும் அவசரப்படுவதில்லை. கடைசியில் அவளே போதகரிடம் போய் நாள் குறித்தாள். அதற்கே இரண்டு வீட்டார் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

சட்டம் அவசரப்படாத காரணத்தால், வாக்காளர் பட்டியலில் அவன் பெயர் அப்படியே இருந்தது. அவள் பெயருக்கு நேர் கீழே.

(தலைமை அலுவலராக அவளையா போட்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஹல்லசேயில் உறவில்லாத ஆளைத் தேடினால், வெளியிலிருந்து வந்து சாவடிக்குக் காவல் நிற்கிற போலீஸ்காரர் மட்டும்தான் கிடைப்பார்.)

4

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தீவு முழுவதும் வாக்களித்துவிட்டது. ஆனாலும் சாவடியை மூட முடியாது. ராத்திரி பத்து வரை கதவு திறந்திருக்க வேண்டும் என்பது விதி. வருவதற்கு ஒருவர்கூட இல்லாவிட்டாலும்.

ஹல்லசேயில் இன்னொரு வழக்கம் உண்டு. விதிக்குப் புறம்பானது, ஆனால் எல்லாத் தேர்தலிலும் நடப்பது. பிற்பகலில் உதவி அலுவலர் வாசற்படியில் நின்று, இன்னும் வராதவர்களின் பெயரைச் சரிவைப் பார்த்துக் கூப்பிடுவார். ஆடு மேய்ப்பவர், வலை உலர்த்துபவர், மறந்து தூங்கியவர் எல்லாரும் முனகிக்கொண்டே ஏறி வருவார்கள். லாக்லனின் அப்பா கூப்பிட்டார். பிறகு லாக்லன்.

அன்றும் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படிக்குப் போனான். பனிமூட்டத்தில் கீழே கடல் இருப்பதே தெரியவில்லை. வழக்கம்போல் வயிற்றிலிருந்து குரல் எடுத்தான்.

"டோர்க்கில் மக்கூயிஷ்!"

கூப்பிட்ட பிறகுதான் என்ன கூப்பிட்டோம் என்பது அவனுக்குத் தெரிந்தது. மீதியிருந்தது அந்த ஒரு பெயர்தான். கண் பார்த்தது, வாய் கூப்பிட்டது. நடுவில் அவன் இல்லை.

உள்ளே இஷ்பெல் பென்சில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது, பிறகு மறுபடி அடுக்கியது. லாக்லன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் புகைத்துக்கொண்டிருந்த ப்ரோடி, இப்படிக் கூப்பிடுவது சட்டப்படி தவறு என்று அங்கிருந்தே சொன்னார்.

"ஒரு தடவைதான் சார் கூப்பிட்டேன்," என்றான் லாக்லன். "வரப்போறதில்ல."

5

வந்தவன் மஞ்சள் மழைக்கோட்டில் இருந்தான். தலைமூடி கண்வரை இறங்கியிருந்தது. வெளியே இருந்து வந்த எல்லாரையும் பிழிந்தெடுக்கலாம் என்கிற ஈரம் அன்று. இவன்மேல் ஒரு சொட்டு இல்லை.

மேசைக்கு முன் நின்றான். பெயரைச் சொன்னான்.

அந்த ஆண்டு அங்கே வாக்களிக்க எந்த அடையாளமும் காட்டத் தேவையில்லை. பெயரைச் சொன்னால் போதும். சந்தேகம் இருந்தால் தலைமை அலுவலர் இரண்டு கேள்விகள் கேட்கலாம். இரண்டே இரண்டு. அவற்றின் சொற்கள்கூட அச்சில் இருக்கும், மாற்றிக் கேட்க அனுமதி இல்லை. சரியாகப் பதில் சொல்லிவிட்டால் வாக்குச்சீட்டைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இஷ்பெல் பட்டியலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பட்டியல்ல இருக்கிற டோர்க்கில் மக்கூயிஷ் நீங்கதானா?"

"ஆமா."

"இந்த வாக்கெடுப்புல இதுக்கு முன்னாடி, இங்கயோ வேற எங்கயோ, வாக்களிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

அதற்குமேல் கேட்க அவளுக்கு உரிமை இல்லை. எங்கே இருந்தாய், யார் நீ, எதற்கு இப்போது, எதையும் கேட்கக் கூடாது.

அளவுகோலை எடுத்து அந்தப் பெயரின்மேல் வைத்தாள். லாக்லன் அவள் மணிக்கட்டைத் தொட்டான்.

"கோடு போடாத, இஷ்பெல். போட்டா அவன் வந்தான்னு ஆயிடும்."

"கேட்டேன். பதில் சொல்லிட்டாரு."

"ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவ? வாக்களிச்ச ஆளுக்கு யாரு வழிபாடு நடத்துவா? உன்னைப் படகுல ஏற விடுவாங்களா?"

அவள் கோடு போட்டாள். சீட்டை மடித்துக் கொடுத்தாள். வாக்களிக்கும் மறைப்பாக, பழைய மேடைத் திரையை வெட்டித் தைத்துத் தொங்கவிட்டிருந்த சிவப்புத் துணிக்குப் பின்னால் அவன் போனான். கீழே அவன் காலணிகள் மட்டும் தெரிந்தன.

6

லாக்லன் மாற்றிச் சொல்கிற இடம் இதுதான். முதல் முறை, முகம் தம்பியுடையது என்றான். இரண்டாம் முறை, தான் பார்க்கவில்லை என்றான். மூன்றாம் முறை ஐஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மூஞ்சின்னு ஒண்ணு இருந்துச்சு. யாரோடதுன்னு இல்ல," என்றான்.

எனக்கு அவனைப் பற்றிக் கவலையில்லை. இஷ்பெல்தான் நம்ப முடியாத பாத்திரமாக இருக்கிறாள். இத்தனை மாதம் கடலைப் பார்த்தவள், ஒரு தரம் நிமிர்ந்து பார்க்க மாட்டாளா? எந்த வாசகர் ஒப்புக்கொள்வார்? அவளை நிமிர வைத்து ஒரு பக்கம் எழுதினேன். நிமிர்ந்தவுடன் அவள் அழுதாள், அல்லது கத்தினாள், அல்லது மயங்கினாள். மூன்றும் கேவலமாக இருந்தன. கிழித்துவிட்டேன்.

இப்போது இப்படி நினைக்கிறேன்: நிமிர்ந்தால் அது டோர்க்கிலாக இருக்கக் கூடும். டோர்க்கிலாக இல்லாமலும் இருக்கக் கூடும். இரண்டில் எதுவானாலும் அவள் தீவை விட்டுப் போக முடியாது. பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தவரை அவள் இன்னும் போகிறவள்தான்.

(அப்படியானால் கோடு ஏன் போட்டாள்? தெரியவில்லை. விதி என்பதாலா? ஒருமுறையாவது அவன் கேட்டதைக் கொடுத்து அனுப்பலாம் என்றா? இந்த அடைப்புக்குறிக்குள் ஒரு நல்ல பதில் வர வேண்டும். வரவில்லை.)

7

திரைக்குப் பின்னால் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதற்கு வரையறை கிடையாது. திரையை விலக்க அலுவலருக்கு அதிகாரம் கிடையாது. கேள்வி சின்னது: ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா? இரண்டு கட்டம். ஒன்றில் பெருக்கல் குறி.

கூடத்தில் வெளிச்சம் குறைந்தது. லாக்லன் விளக்கைப் போட்டான். காலணிகள் அசையவில்லை. பென்சில் கீறுகிற சத்தம் கேட்கிறதா என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்கவில்லை. மூச்சும் கேட்கவில்லை. துணி மட்டும் லேசாக உள்வாங்கிப் புடைத்தது. கூடத்தில் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

"உயிரோட இருந்தப்போ எதையும் டக்குனு முடிவு பண்ணுவான்," என்று லாக்லன் கிசுகிசுத்தான். சிரிக்க நினைத்து, முடியாமல் விட்டான்.

நேரம் ஆக ஆக, இஷ்பெல்லின் தோள்கள் தளர்வதை லாக்லன் பார்த்தான். வீட்டில் கணவன் பின்பக்கம் ஏதோ வேலையாக இருக்கும்போது ஒரு மனைவி உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவனுக்குப் பயம் வந்தது அப்போதுதான். வந்தவனைப் பார்த்து வந்ததைவிடப் பெரிய பயம்.

8

முடிவுகள். எழுதிப் பார்த்தவை:

அ. திரையை விலக்குகிறார்கள். வெறும் காலணிகள். (இந்த மாதிரி முடிவை ஐந்து வயதில் கேட்டுவிட்டேன்.)

ஆ. மழைக்கோட்டைக் கழற்றினால் பக்கத்துத் தீவுக்காரன், குடித்துவிட்டு, பந்தயம் கட்டி வந்தவன். (எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு அருவருப்பு.)

இ. அவன் வெளியே வருகிறான், சீட்டைப் பெட்டியில் போடுகிறான், இஷ்பெல்லிடம்—

இல்லை. அவன் பேசக் கூடாது. கேட்ட இரண்டுக்குமேல் அவனிடம் பதில் இல்லை.

லாக்லன் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

மூடும் நேரம் வந்ததும் ப்ரோடி உள்ளே வந்தார். தொப்பியிலிருந்து ஈரம் சொட்டியது. படகு காத்திருக்கிறது, கடல் வடிந்துகொண்டிருக்கிறது, தாமதித்தால் படகு தரைதட்டும் என்றார். பெட்டிக்கு முத்திரை வைக்கும் முன், சீட்டு வாங்கிய எவரும் உள்ளே இருக்கக் கூடாது. இருந்தால் அவர் போட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கும் வரையறை கிடையாது. ப்ரோடி முறைப்படி கேட்டார்.

"உள்ள யாராவது இருக்காங்களா மேடம்?"

அவர் நின்ற இடத்திலிருந்து திரை தெரியாது. லாக்லன் தெரிகிற இடத்தில் நின்றான். காலணிகள் இருந்தன. இப்போது அவற்றின் முனை இவர்கள் பக்கம் திரும்பியிருந்தது.

இஷ்பெல் முதல் தடவையாக நிமிர்ந்தாள். திரையை நேராகப் பார்த்தாள். லாக்லன் என்னிடம், எண்ணிப் பார்க்க முடியாத நேரம் பார்த்தாள் என்றான். பிறகு மிகத் தெளிவாக, ஒரு கூட்டத்துக்கு அறிவிப்பதுபோலச் சொன்னாள்:

"யாரும் இல்ல."

துணி அசைவது நின்றது.

பெட்டிக்கு முத்திரை வைத்தாள். கொடுத்த சீட்டுகளைவிடப் பெட்டிக்குள் விழுந்தவை எண்ணிக்கையில் ஒன்று குறையும். அது புதிதில்லை, சிலர் ஞாபகத்துக்காகச் சீட்டை எடுத்துப் போய்விடுவார்கள் என்று எல்லா ஊரிலும் சொல்லிக்கொள்வார்கள். லாக்லனும் ப்ரோடியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். விளக்கை அணைத்துவிட்டு அவள் கடைசியாக வரவேண்டும்.

மறுநாள் ஸ்காட்லாந்து வேண்டாம் என்று பதில் சொன்னது எல்லாருக்கும் தெரியும். அவள் சொன்ன பதில் உண்மையா பொய்யா என்று அவளைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் லாக்லன். அவனை நான் கேட்டேன். படகில் அவள் போனாளா என்றும் கேட்டேன். மீன் பெட்டி நிரம்பிவிட்டது, மூடியைக் கொடு என்றான்.

எனவே இதை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்ததற்கும் அவள் படிக்கு வந்ததற்கும் நடுவில் கொஞ்சம் இருட்டு இருக்கிறது. அங்கே யார் யாரைத் தொட்டார்கள், யார் என்ன கேட்டார்கள் என்பதை நான் எழுத மாட்டேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

எனக்குத் தெரிந்தது, சரிவில் பாதி இறங்கிய இருவரும் திரும்பி, வாசல் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தது மட்டும்தான். இஷ்பெல் வெளியே வந்தாள். கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துச் சாத்தினாள். உள்ளேயிருந்து எதுவும் தள்ளவில்லை. சாவியைத் திருப்பினாள், பூட்டியதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.