மேடேறிய சிப்ரியானோ

பள்ளத்தாக்கில் அணைத் தண்ணீர் ஏறத் தொடங்கிய வாரம், சிப்ரியானோவின் கல்லறையும் மேலே ஏறத் தொடங்கியது. ஆற்றோரத்தில் அவன் மேல் முளைத்திருந்த சாக்லேட் பூச்செடிகள்தான் அவனைத் தூக்கிக்கொண்டு போயின. மஞ்சள் இதழும் கரிய நடுவும் கொண்ட காட்டுப்பூ அது. செடி வெயிலில் கருகினாலும் அடுத்த மழைக்கு வேரிலிருந்து துளிர்க்கும், காலையில் காய்ச்சிய சாக்லேட்டாகவே மணக்கும். ஒருநாள் விடிந்தபோது பழைய இடத்தில் வெறும் மணல் கிடந்தது. ஆள் நீளத்துக்குப் பூத்த பாத்தி செம்பாறைச் சரிவில் இருந்தது. அவன் பெண்டாட்டி டோமாசா அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்து, அப்படியே மண்டியிட்டாள்.

உயிரோடிருந்தவரை சிப்ரியானோ மேட்டுக் கோயிலுக்கு ஞாயிற்றுப் பூசைக்கு ஏறியதில்லை. முட்டிவலி, வெயில், ஆட்டைக் காணோம் என்று ஏதாவது சாக்கு. செத்த பிறகும் யாரும் தன்னைச் சுமந்து ஏற வேண்டாம் என்று ஆற்றோரத்திலேயே புதைக்கச் சொன்னான். அவன் பக்கத்தில்தான் தானும் படுக்க வேண்டும் என்பது டோமாசாவின் ஒரே ஆசை. தண்ணீர் அதையும் கொண்டுபோகப் போகிறதே என்றுதான் அழுதுகொண்டிருந்தாள்.

சவம் சுமப்பவர்கள் பெட்டியை இறக்கி இளைப்பாறும் இடத்தில் சிலுவை நட்டு ஜெபமாலை சொல்வது அங்கே வழக்கம். அதனால் கல்லறை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, இளைப்பாறி நின்ற இடத்திலெல்லாம் டோமாசா சிலுவை நட்டாள். சரிவெங்கும் சிலுவையாகிவிட்டது.

"இன்னைக்கும் அண்ணன் அதே இடந்தானா மதினி?" என்றான் கொழுந்தன் ஒனோஃப்ரே.

"கல்யாணத்துக்கே மத்தியானம் வந்து நின்ன மனுசன். இதுக்கு மட்டும் ஓடவா போறாரு?"

செங்குத்துப் பாறையின் அடியில் அவன் நின்றேவிட்டான். நாட்கள் போயின, தண்ணீர் கால்மாட்டுப் பூக்களை நனைத்தது. டோமாசா ஒரு குவளைச் சாக்லேட் காய்ச்சி எடுத்துப்போய் வேரில் ஊற்றினாள்.

"உமக்குச் சாக்குச் சொல்லியே கோயில் சாமியார்கிட்ட நான் பேச்சு வாங்குனேன். இனி முடியாது. நான் தனியா படுக்க மாட்டேன், எந்திரியும்."

ஊரே பார்த்துக்கொண்டிருக்க, முற்பகல் வெயிலில் பாத்தி செங்குத்தாகப் பாறையில் ஏறியது. ஒரு பிடி மண் உதிரவில்லை, ஓர் இதழ் வாடவில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒனோஃப்ரே வாய்விட்டு அழுதான்.

கோயில் கல்லறைத் தோட்டத்தின் சுவரருகே அது நின்றது. சுவரை ஒட்டி அல்ல, நடுவில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டு. வீட்டுக் கட்டிலில் டோமாசா எப்போதும் சுவரோரம்தான் படுப்பாள். சாமியார் அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.