இரண்டு தலைவர்களும் ஒரு வெள்ளைத் திரையும்

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை காலை, லூனாஸ் என்ற ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் மண்டபத்தில் ‘நம் சாளரம்’ என்ற இணைய உலாவி தொடக்கி வைக்கப்பட்டது.

உலாவி என்றதும் யாரோ உட்கார்ந்து புதிதாக எழுதினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். உலகத்துக்கே பொதுவில் திறந்து கிடக்கும் நிரலை எடுத்து, பெயரை மாற்றி, மூலையில் சங்கத்தின் சின்னத்தை ஒட்டினார்கள். சங்கக் கிளைகளில் வைக்கும் தொடுதிரைப் பெட்டிகளுக்காக அது. ஒப்பந்தம் எடுத்தவர் மெர்கோங்கில் பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் நிறுவனம் நடத்தும் விக்னேஸ்வரன். வேலை செய்தவள் ரூபினி. அவளுக்குத் தகுதிகாண் காலம் முடியப்போகிற மாதம். விழா நல்லபடியாக நடந்தால் வேலை நிரந்தரம் என்று விக்னேஸ்வரன் சொல்லியிருந்தார். தொழிற்சாலை மூடியதிலிருந்து அப்பா வீட்டில்தான் இருக்கிறார். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

அந்த நிரலில் ஒரு கண்டிப்பு உண்டு. உலாவியில் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் புரோசஸ் எனப்படும் தனித்தனி ஓட்டத்தில் ஓடும். ஒன்று விழுந்தால் மற்றது பிழைக்கும். திரையை வரைவதும் விரல் தொடுவதைக் கவனிப்பதும் முதன்மைத் திரெட் என்ற மைய இழையின் வேலை. அது எதற்காகவும் யாருக்காகவும் காத்து நிற்கக் கூடாது. நின்றால் உலாவியே உறைந்துபோகும். அப்படி நிற்க வைக்கும் வரியை எவராவது எழுதினால் அதைப் பிடிக்க, நிரலை முதலில் எழுதியவர்கள் அதற்குள்ளேயே ஒரு காவலும் வைத்திருந்தார்கள். பாவம், அவர்களுக்கு நம் சங்கங்களைத் தெரியாது.

சங்கத் தலைவர் முருகையாவும் புரவலர் காளிதாசனும் ஒரு கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மாலை என்று முறைத்துக்கொண்டவர்கள். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே நொடியில் மாலை விழ வேண்டும். மேடையில் அதற்கென்றே இரண்டு ஆட்கள். உலாவி திறந்ததும் இருவருடைய வாழ்த்துக் காணொளியும் வர வேண்டும் என்று முடிவானது. யாருடையது முதலில்? விக்னேஸ்வரன் இருவருக்கும் தனித்தனியே போன் போட்டு, “உங்களோடதுதான்” என்று சொல்லி வைத்திருந்தார்.

பிறகு ரூபினியின் மேசைக்கு வந்தார்.

“ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல, ஒரே நேரத்துல வரணும். ஒருத்தர் ரெடி இல்லன்னா மத்தவரும் வரக்கூடாது. அதுவரைக்கும் ஸ்கிரீன் வெயிட் பண்ணட்டும்லா.”

“முதன்மைத் திரெட்ட வெயிட் பண்ண வைக்கக்கூடாது போஸ். அங்க ஒரு காவல் இருக்கு.”

“எடுத்துடு. நம்ம வீட்டு கேட்டுக்கு நாமதான ஓனர்.”

காக்க வைக்காமலேயே அதைச் செய்ய வழி உண்டு, சில நாள் கொடுங்கள் என்றாள் அவள். தேதி போட்டுப் பதாகை அச்சாகிவிட்டது என்றார் அவர். எத்தனையோ பேர் பட்டுத் தெளிந்து வைத்த காவலை, மாலைச் சண்டைக்காக, ரூபினி நீக்கினாள். மனதுக்குள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டேதான் நீக்கினாள். ஏசியதால் நிரலில் ஒன்றும் மாறவில்லை.

அலுவலகக் கணினியில் எல்லாம் சரியாக ஓடியது.

மண்டபத்தில் இரு தலைவர்களும் விரல்களைச் சேர்த்துப் பொத்தானைத் தொட்டார்கள். திரை வெள்ளையானது. கூட்டம் கை தட்டியது. வெள்ளை அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம் தட்டினார்கள். அறிவிப்பாளர் தலைவரின் சேவைகளை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கி, புரவலர் முகத்தைப் பார்த்துவிட்டுப் புரவலரின் சேவைகளுக்குத் தாவினார். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார்கள். மறுபடியும் வெள்ளை.

ரூபினிக்கு உடனே புரிந்தது. அலுவலகக் கணினியில் திரையின் அளவு முன்பே பதிவாகியிருந்தது. இந்தப் பெட்டி புதியது. காணொளிப் பக்கங்கள் முதன்மைத் திரெட்டிடம் தங்களுக்கு எவ்வளவு இடம் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றன. அதுவோ, அவை தயார் என்று சொல்லட்டும் என்று நின்றது. இனி சாயங்காலம் வரை நின்றாலும் எதுவும் நகராது.

அவள் விக்னேஸ்வரன் காதருகே குனிந்தாள். “போஸ், காக்க வைக்கிற வரிய இப்பவே தூக்கிடறேன். யாராவது ஒருத்தர் முதல்ல வந்துடுவாரு.”

“யாரு?”

“யாரோடது சீக்கிரம் லோட் ஆகுதோ அவரு.”

கருவறையில் செருப்போடு நுழையச் சொன்னதுபோல் பார்த்தார் அவர். “ஒண்ணையும் தொடாத. வெள்ளையாவே இருக்கட்டும். வெள்ளைக்குக் கட்சி இல்ல.”

பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து, இந்தப் பக்கம் இணைய லைன் எப்போதும் இப்படித்தான் என்றார். கூட்டம் தலையாட்டியது. பெட்டிக்குள் இருந்த காணொளிக்கு லைன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளைத் திரையின் இரு பக்கமும் தலைவர்கள் சம தூரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சாப்பாடு போட்டார்கள்.

அன்று மாலையே இருவரும் விக்னேஸ்வரனுக்கு போன் செய்தார்கள். மற்றவர் முந்தவில்லை என்பதில் இருவருக்கும் பரம திருப்தி.

அந்த மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்ததும் ரூபினியின் வேலை நிரந்தரமானது. காவலைத் திரும்ப வைக்கட்டுமா என்று கேட்டாள்; வேண்டாம் என்றார். அந்த வாரமே பெட்டிகள் எல்லாக் கிளைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. எந்தக் கிளையிலும் உலாவி திறக்கவில்லை.